நூலகப் புத்தகங்களில் முன்னைய வாசகர்கள் விட்டுச்சென்றவற்றை அழிப்பதா, வைத்திருப்பதா?

கேள்வி
எழுதியவர்: உப்புவெளி வாசகி

அனைவருக்கும் வணக்கம். திருகோணமலையில் எங்கள் ஊர் வாசிகசாலையை மீண்டும் ஒழுங்குபடுத்தும் வேலையில் நானும் சில இளையவர்களும் ஈடுபட்டிருக்கிறோம். எங்களுக்குக் கிடைத்த புத்தகங்களிற் பெரும்பகுதி பாடசாலை நூலகங்களும் பிற வாசிகசாலைகளும் கழித்துவிட்டவை. மிகுதி, வீடு மாறிச் சென்றவர்கள் கொடுத்தவை. தூசு தட்டிப் பதிவேட்டில் ஏற்றுவதற்காக ஒவ்வொரு புத்தகத்தையும் முதற்பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை புரட்டும்போது, எங்களுக்கு முன்னர் அதே பக்கங்களைப் புரட்டியவர்களின் அடையாளங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றைப் பற்றியதே என் கேள்வி.

கோணேசர் கோயிலின் வரலாறு கூறும் பழைய நூலொன்றில், தம்பலகாமத்து வயல்வெளிகளின் பெயர்கள் வரும் இடங்களில், அப்பெயர்கள் இன்று எவ்விடங்களைக் குறிக்கின்றன என்று ஒருவர் பென்சிலால் மிகப் பொறுமையாக எழுதி வைத்திருக்கிறார். இரண்டு பெயர்களுக்கு அருகில் கேள்விக்குறி இட்டிருக்கிறார். அவற்றுள் ஒன்றுக்கு, வேறொரு கையெழுத்தில், நீலப் பேனையால் விடை எழுதப்பட்டிருக்கிறது. ஒரு நாவலில், மகனை ஊரைவிட்டு அனுப்பத் தாய் சம்மதிக்கும் இடத்தில், ‘இவ அனுப்பியிருக்கக் கூடாது’ என்ற ஒரே வரி பக்க ஓரத்தில் இருக்கிறது. வேறு எந்தப் பக்கத்திலும் அந்த வாசகர் எதையும் எழுதவில்லை. சமையற் குறிப்பு நூலொன்றில் உப்பின் அளவு வெட்டப்பட்டுப் பாதியாகத் திருத்தப்பட்டிருக்கிறது.

எழுத்தைத் தவிரப் பொருள்களும் கிடைக்கின்றன. நரம்பு மட்டும் எஞ்சிய அரசிலை, எழுத்து மங்கிய பஸ் ரிக்கற், ஒரு மாணவரின் நேரசூசி, பெயரும் மருந்தும் எழுதிய கிளினிக் துண்டு, துருப்பிடித்த குண்டூசியால் பக்கத்துடன் குத்தி வைத்த பத்திரிகை நறுக்கு ஆகியவை இந்த வாரம் மட்டும் வந்தவை. எனினும் என்னை அதிகம் தடுத்து நிறுத்தியது, புத்தகமொன்றின் பின்னட்டைக்கு உட்புறம் ஒட்டியிருந்த, இரவல் திகதிகளை முத்திரையிடும் திகதித் தாள். மாதத்துக்கு இரண்டு மூன்றாக நெருங்கி விழுந்திருந்த முத்திரைகள் 1990 மே மாதத்துடன் நின்றுவிட்டு, 1995 இல் மீண்டும் ஒன்றிரண்டாகத் தொடங்குகின்றன. 1990 யூனில் போர் மீண்டும் மூண்டு இங்கு ஊர்ஊராக மக்கள் இடம்பெயர்ந்ததை அறிந்தவர்களுக்கு, நடுவிலுள்ள அந்த வெறுமை எதைக் குறிக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

புத்தகங்கள் புதியவைபோல் இருந்தால்தான் பிள்ளைகள் எடுத்துப் படிப்பார்கள் என்பதால், பென்சில் எழுத்துகளை அழித்து, உள்ளே இருக்கும் துண்டுகளை அகற்றி, பழைய திகதித் தாளின் மேல் புதிய தாளை ஒட்டிவிட வேண்டும் என்பது எங்கள் குழுவிற் பெரும்பாலானோரின் கருத்து. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எழுதியவர்களிற் பலர் இன்று இந்த ஊரிலோ, உயிருடனோ இல்லாதிருக்கலாம் என்ற எண்ணம் வரும்போது என்னால் அழிறப்பரைக் கையில் எடுக்க முடியவில்லை. எவற்றை வைத்திருக்கலாம், எவற்றை அகற்றியே ஆக வேண்டும், அகற்றும்போது புத்தகத்துக்குச் சேதம் வராமல் எப்படிச் செய்வது என்பதை அனுபவமுள்ளவர்கள் கூறினால் மிகவும் உதவியாக இருக்கும்.


மறுமொழி 1
எழுதியவர்: ஓய்வுபெற்ற நூலக உதவியாளர்

மகள், நல்ல நேரத்தில் கேட்டிருக்கிறீர்கள். அழித்த பின்னர் இந்தக் கேள்வியால் பயனில்லை. முதலில் ஒரு கொப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தின் பதிவிலக்கம், பக்கம், இருந்தது எழுத்தா பொருளா, எழுத்தாயின் பென்சிலா பேனையா, அதன் வாசகம் என்ன என்பவற்றை எழுதிய பின்னரே எதையும் தொடுங்கள். பொருளாக இருந்தால் அதைச் சாதாரண வெள்ளைக் கடித உறையில் இட்டு, உறையின் மேல் அதே பதிவிலக்கத்தையும் பக்கத்தையும் எழுதி, புத்தகத்துக்கு வெளியே ஒரு பெட்டியில் வையுங்கள். எந்தப் புத்தகத்தின் எந்தப் பக்கத்தில் இருந்தது என்ற குறிப்பை இழந்த துண்டு எவருக்கும் எதையும் சொல்லாது.

பொருள்களைப் புத்தகத்துக்குள் விட்டுவைக்க வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. பத்திரிகைக் கடதாசி மரக்கூழில் இருந்து மலிவாகச் செய்யப்படுவது. அதிலுள்ள லிக்னின் என்ற மரப்பொருள் காலப்போக்கில் பழுத்து அமிலத்தை வெளியிடும். அந்த அமிலம் இரு பக்கமும் உள்ள தாள்களுக்குப் பரவி, நறுக்கின் வடிவத்திலேயே பழுப்புநிறக் கறையைப் பதிக்கும். இலையும் பூவும் ஈரத்தையும் சாயத்தையும் விடுவதோடு பூச்சிகளையும் அழைக்கும். குண்டூசியும் கடதாசிக் கிளிப்பும் நமது கடற்கரை ஊர்களில் மிக விரைவாகத் துருப்பிடிப்பவை, ஏனெனில் உப்புக் காற்றுக்கு மேலே வாடைக்கால ஈரமும் சேர்கிறது. துருவேறிய ஊசியை நேராக இழுத்தால் தாள் கிழியும். தாளுக்கும் ஊசிக்கும் இடையே மெல்லிய பிளாஸ்ரிக் தகட்டை மெதுவாகச் செருகி, துருவின் பிடியைத் தளர்த்திய பின்னர் உருவி எடுக்க வேண்டும்.

பென்சில் எழுத்தை அழிக்கத்தான் வேண்டும் என்று முடிவு செய்தால், மென்மையான வெள்ளை அழிறப்பரால், தாளை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, தையற் பக்கத்தில் இருந்து ஓரத்தை நோக்கி ஒரே திசையில் தேய்த்து, உதிர்ந்த துகளைத் தூரிகையால் துடைத்துவிடுங்கள். தொட்டால் உடையும் தாளில் அதையும் செய்யக் கூடாது. குமிழ்முனைப் பேனையின் மை எண்ணெய் கலந்தது. அதை வீட்டு மருந்துகளால் போக்க முயன்றவர்கள் எழுத்தோடு அச்சையும் இழந்திருக்கிறார்கள். அதை அப்படியே விடுங்கள். பழைய ஒட்டுநாடாவையும் உரித்தெடுக்க முயல வேண்டாம்.

திகதித் தாளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. நீங்கள் நினைப்பது சரியாக இருக்கக்கூடும். ஆனாலும் முத்திரை இல்லாமற் போவதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஒரு தாள் நிரம்பியதும் அதன் மேலேயே அடுத்ததை ஒட்டுவது எங்கள் வழக்கம். பின்னர் அவற்றில் ஒன்று கழன்று விழுந்திருக்கலாம். சில காலம் அந்தப் புத்தகம் இரவல் பகுதியில் இருந்து, நூலகத்துக்குள்ளேயே வைத்து வாசிக்கும் உசாத்துணைப் பகுதிக்கு மாற்றப்பட்டிருக்கலாம். புத்தகத்தைக் கொடுத்த நூலகத்தின் பழைய இரவற் பதிவேடு கிடைத்தால் அதனுடன் ஒப்பிடுங்கள். அதே நூலகத்திலிருந்து வந்த ஏனைய புத்தகங்களிலும் அதே மாதத்தில் முத்திரை நின்றிருந்தால் உங்கள் ஊகம் உறுதியாகிறது. எப்படியாயினும் புதிய தாளை அதன் மேல் ஒட்டாதீர்கள், எதிர்ப்பக்கத்தில் ஒட்டுங்கள். அதற்குச் செலவு எதுவும் இல்லை.

கிளினிக் துண்டைக் கொப்பியில் ‘மருத்துவத் துண்டு’ என்று மட்டும் பதியுங்கள். பெயரைப் பதிய வேண்டாம். உரியவரையோ குடும்பத்தையோ அறிந்தால் ஒப்படையுங்கள், இல்லாவிட்டால் கிழித்துவிடுங்கள். ஒருவர் என்ன நோய்க்கு மருந்து எடுத்தார் என்பதும், அந்த நாட்களில் எந்தப் புத்தகத்தைப் படித்தார் என்பதும் அவருக்கு மட்டும் உரிய செய்திகள். நூலகத்தில் வேலை செய்பவர் இவ்விரண்டையும் வெளியில் சொல்லக் கூடாது என்றே எங்களுக்குப் பழக்கப்பட்டது. இப்போது சிலர் இப்படியான துண்டுகளைப் படமெடுத்து முகநூலில் இடுகிறார்கள். அது அன்பினால் செய்யப்பட்டாலும் தவறானது.


மறுமொழி 2
எழுதியவர்: மூதூர் கணித ஆசிரியை

பழைய எழுத்துகள்மீது கேள்வி கேட்டவருக்கு இருக்கும் பற்றை மதிக்கிறேன். ஆனாலும் அடுத்ததாக அந்தப் புத்தகத்தை எடுக்கப்போகும் பிள்ளையின் சார்பில் ஒருவராவது பேச வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

உயர்தர வகுப்பு மாணவர்கள் பயன்படுத்தும் நூல்களைப் பாருங்கள். முன்னர் படித்தவர் பரீட்சைக்கு வேண்டியவை என்று தமக்குத் தோன்றிய வரிகளின் கீழ் கோடு இழுத்திருப்பார். பின்னர் வரும் மாணவர் அந்த வரிகளை மட்டும் படிப்பார். பாடத்திட்டம் மாறியிருக்கும், வினாக்களின் போக்கு மாறியிருக்கும், கோடு மட்டும் மாறாமல் இருக்கும். கணித நூல்களில் நிலைமை இதைவிட மோசமானது. பயிற்சி வினாவின் அருகிலேயே விடை எழுதப்பட்டிருந்தால் தானாகச் சிந்திக்கும் வாய்ப்பை அந்தப் பிள்ளை இழக்கிறது. எழுதப்பட்டது பிழையான விடையாக இருந்தால், தன் சரியான விடையை வெட்டிவிட்டு அதை எழுதிவரும் பிள்ளைகளையும் கண்டிருக்கிறேன். அச்சுப் புத்தகத்தில் இருப்பதனாலேயே கையெழுத்துக்கும் ஓர் அதிகாரம் வந்துவிடுகிறது.

பக்க ஓரக் குறிப்புகளைப் போற்றுபவர்கள் பெரும்பாலும் எங்கள் துறையிலிருந்தே ஓர் உதாரணத்தைக் காட்டுவார்கள். பிரெஞ்சுக் கணிதர் பெர்மா, 1637 ஆம் ஆண்டளவில், பண்டைய கிரேக்கக் கணிதர் டயோபந்தசின் எண்கணித நூலின் ஓரத்தில், ஒரு தேற்றத்துக்கு வியக்கத்தக்க நிறுவலைத் தாம் கண்டதாகவும் அதை எழுத ஓரம் போதாது என்றும் குறித்தார். அந்தத் தேற்றம் மூன்றரை நூற்றாண்டுகளுக்குப் பின்னர், 1994 இல்தான் அன்ட்ரூ வைல்சால் முழுமையாக நிறுவப்பட்டது. இது மகத்தான வரலாறு என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆயினும் பெர்மா எழுதியது தம் சொந்தப் புத்தகத்தில். பொதுப் புத்தகத்தில் எழுதுபவர் தமக்குப் பின்னால் வரும் அனைவரின் வாசிப்பிலும் அவர்களைக் கேளாமலே குறுக்கிடுகிறார். எனவே பாட நூல்களிலும் சிறுவர் நூல்களிலும் பென்சில் குறிகளைத் தயக்கமின்றி அழித்துவிடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.


மறுமொழி 3
எழுதியவர்: கிண்ணியா வாசகர்

அஸ்ஸலாமு அலைக்கும், அனைவருக்கும் வணக்கம். சுருக்கமாக ஒரு விடயம். எங்கள் பகுதியில் 2004 டிசம்பர் 26 இல் கடல் ஊருக்குள் வந்தபோது, இரவல் எடுத்த புத்தகங்கள் பல வீடுகளில் இருந்தன. அவற்றில் ஒன்றை நான் பின்னர் ஒரு பாடசாலையின் அலுமாரியிற் கண்டேன். பாதிப் பக்கம்வரை நீர்க்கறை ஏறி, தாள்கள் அலையலையாக நெளிந்திருந்தன. தலைப்புப் பக்கத்தில், ‘கடல் வந்த நாளில் நனைந்தது. காயவைத்துத் திருப்பித் தருகிறேன்’ என்று எடுத்தவர் எழுதிக் கையொப்பம் இட்டிருந்தார். வீட்டையே இழந்திருக்கக்கூடிய ஒருவர் இரவற் புத்தகத்தைக் காயவைத்துத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். இப்படியொரு புத்தகம் உங்கள் கைக்கு வந்தால், சகோதரி, கறைபட்டது என்பதற்காக அதைக் கழித்துவிட வேண்டாம்.


மறுமொழி 4
எழுதியவர்: எண்ணிமப்படுத்தும் பணியில் இருப்பவர், திருகோணமலை

நான் பழைய தமிழ் நூல்களையும் இதழ்களையும் வருடி எண்ணிமப் படிகளாக்கும் வேலையில் இருக்கிறேன். ஆசிரியை கூறியதில் இருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் அவர் காட்டிய உதாரணத்துக்கு இன்னொரு பாதி உண்டு. பெர்மா எழுதிய அந்தப் புத்தகம் இன்று இல்லை, தொலைந்துவிட்டது. அவருடைய மகன், தந்தை ஓரங்களில் எழுதியிருந்தவற்றையெல்லாம் படியெடுத்து 1670 இல் அச்சிட்ட பதிப்பில் சேர்த்ததால் மட்டுமே அந்தக் குறிப்பு நமக்குத் தெரியும். ஆக, மூலப் படி காப்பாற்றப்படாதபோதும் குறிப்புப் பிழைத்தது. நூலக ஐயா கொப்பியில் எழுதச் சொல்வதும் இதைத்தான்.

ஒரே நூலின் வெவ்வேறு படிகள் ஒன்றல்ல என்பதை ஆய்வாளர்கள் செய்தே காட்டியிருக்கிறார்கள். கொப்பர்னிக்கஸ் பூமி சூரியனைச் சுற்றுவதாகக் கூறி 1543 இல் வெளியிட்ட நூலின் முதலிரு பதிப்புகளில் எஞ்சியுள்ள ஏறத்தாழ 600 படிகளை, ஓவன் கிஞ்சரிச் என்ற வானியல் வரலாற்றாசிரியர் முப்பது ஆண்டுகளாகத் தேடிப் பார்வையிட்டார். யார் அந்த நூலை உண்மையிற் படித்தார்கள், எந்த மாணவர்கள் தமக்குக் கற்பித்தவரின் குறிப்பைத் தம் படிகளிற் பெயர்த்தெழுதினார்கள் என்பது அந்த ஓரங்களில் இருந்துதான் தெரியவந்தது.

நமக்கு இது புதிய செய்தியும் அல்ல. ஏடுகளைப் படியெடுத்தவர்கள் தொடக்கத்தில் குருவை வாழ்த்தி, இறுதியில் எழுதி முடித்த நாளையும் தம் பெயரையும் பொறித்து, பிழை பொறுக்குமாறு வேண்டி வைத்த வரிகள் நூலாசிரியருடையவை அல்ல. ஆனால் அந்த ஏடு எங்கே, எவர் கையில் இருந்தது என்பதை அறிய அவையே துணையாகின்றன. உ. வே. சாமிநாதையர் தம் பதிப்புகளில் பிரதிபேதங்களை, அதாவது படிக்குப் படி மாறும் பாடங்களை, தள்ளிவிடாமல் அடிக்குறிப்பில் அச்சிட்டார். 1895 இல் ‘மோகனாங்கி’ என்ற வரலாற்று நாவலை எழுதிய தி. த. சரவணமுத்துப்பிள்ளை நமது திருகோணமலையிற் பிறந்து, சென்னையில் ஓலைச்சுவடிகள் இருந்த நூலகத்தில் நூலகராகப் பணியாற்றியவர் என்பதையும் இவ்விடத்தில் நினைத்துக்கொள்கிறேன்.

யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 யூன் 1 ஆம் திகதிக்கு முந்திய இரவில் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. ஓலைச்சுவடிகளை மீட்க வழியே இல்லை என்று எல்லோரும் சொல்வோம். அச்சு நூல்களைப் பற்றி, வேறு படி தேடலாம் என்று ஆறுதல் கொள்வோம். 2005 இல் தொடங்கிய, இலங்கைத் தமிழ் நூல்களை எண்ணிமமாக்கி இணையத்தில் தரும் ‘நூலகம்’ திட்டம் போன்ற முயற்சிகளால் அப்படிப் பல நூல்கள் மீண்டும் வாசகருக்குக் கிடைத்தும் இருக்கின்றன. ஆனால் அந்த அலுமாரிகளில் இருந்த படிகளில், ஐம்பது ஆண்டுக்காலம் வந்துபோன மாணவரும் புலவரும் வழக்கறிஞரும் எதை எழுதினார்கள், எந்த வரியுடன் வாதிட்டார்கள் என்பதை எந்த மறுபதிப்பும் தராது. வடக்கிலும் கிழக்கிலும் வாசித்தவர்களைப் பற்றிய பதிவேடுகள் எத்தனை இடங்களில் இல்லாமற் போய்விட்டன என்பதை எண்ணிப் பார்த்தால், கழித்துவிடப்பட்ட புத்தகமொன்றின் ஓரத்தில் இருக்கும் ஒரு வரியும் சான்றுதான்.

இதன் பொருள் ஆசிரியையின் மாணவர்கள் பிழையான விடையோடு அல்லற்பட வேண்டும் என்பதல்ல. அழிப்பதற்கு முன்னர் அந்தப் பக்கத்தைக் கைப்பேசியால் படமெடுங்கள். பக்கவாட்டில் இருந்து விழும் பகல் வெளிச்சத்தில் வைத்தால் மங்கிய பென்சிலும் தெளியும், ஃபிளாஷ் வேண்டாம். படக் கோப்புக்குப் பதிவிலக்கத்தையும் பக்க எண்ணையும் பெயராக இடுங்கள். நூற்பட்டியலில் அந்தப் புத்தகத்துக்கு எதிரே ‘கைக்குறிப்புகள் உண்டு’ என்ற இரண்டு சொற்களைச் சேர்த்துவிட்டால், பிறகு தேடுபவர் கண்டுகொள்வார். தம்பலகாமத்து வயற்பெயர்கள் எழுதிய படியை மட்டும் தயவுசெய்து எவருக்கும் இரவல் கொடுக்காமல், உசாத்துணைப் பகுதியில் வையுங்கள். அதிலுள்ள இரு கையெழுத்துகளும் வேறெங்கும் அச்சாகாத ஊர் அறிவாக இருக்கக்கூடும்.


மறுமொழி 5
எழுதியவர்: உப்புவெளி வாசகி

அனைவருக்கும் நன்றி. நேற்று மாலை குழுவில் உங்கள் மறுமொழிகளை வாசித்துக் காட்டினேன். பாட நூல்களிலும் சிறுவர் நூல்களிலும் படமெடுத்துப் பதிந்த பின்னர் பென்சில் எழுத்துகளை அழிப்பது என்றும், ஊர் வரலாறு, சமயம், இலக்கியம் ஆகிய பிரிவுகளில் எதையும் அழிப்பதில்லை என்றும் முடிவாகியிருக்கிறது. பழைய திகதித் தாள்கள் எல்லாம் அப்படியே இருக்கும். ஐயா சொன்னபடி, ஒரே இடத்தில் இருந்து வந்த ஏனைய புத்தகங்களின் தாள்களையும் ஒப்பிடத் தொடங்கியிருக்கிறோம்.

ஒன்று மட்டும் தீரவில்லை. இனி எடுத்துச் செல்பவர்கள் புத்தகத்தில் எழுதக் கூடாது என்று விதி வைக்கத்தான் வேண்டும். அப்படியானால் வாசிப்பவர் ஒருவர் பிழையைக் கண்டாலோ, ஒரு பெயரை அறிந்திருந்தாலோ, சொல்ல விரும்புவதை எங்கே எழுதுவது? முன்னையவர்களின் எழுத்தைக் காத்துவிட்டு இப்போதைய வாசகரின் வாயை மூடுவது எனக்குப் பொருத்தமாகத் தெரியவில்லை.


மறுமொழி 6
எழுதியவர்: மூதூர் கணித ஆசிரியை

இதற்கு எங்கள் வகுப்பறை நூலகத்தில் ஒரு வழி வைத்திருக்கிறோம். பின்னட்டைக்கு உட்புறம் சிறிய கடதாசிப் பையொன்றை ஒட்டி, நான்காக மடித்த வெள்ளைத் தாளை அதற்குள் வைக்கிறோம். எழுத விரும்புபவர் பக்க எண்ணைக் குறித்துவிட்டு அந்தத் தாளில் பென்சிலால் எழுதலாம். பெயர் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. முதலில் தானாக வாசிக்க விரும்பும் பிள்ளை, வாசித்து முடித்த பின்னர் அந்தத் தாளை விரித்துப் பார்க்கலாம் என்பதால் எனக்கிருந்த குறையும் இதில் இல்லை.


மறுமொழி 7
எழுதியவர்: ஓய்வுபெற்ற நூலக உதவியாளர்

ஆசிரியை சொன்னது நல்ல ஏற்பாடு. பையை ஒட்டுவதற்கு மாப்பசையைப் பயன்படுத்த வேண்டாம்; அது கரப்பானையும் வெள்ளிப்பூச்சியையும் வரவழைக்கும். புத்தகம் கட்டுபவர்கள் பாவிக்கும் வெள்ளைப் பசையை மெல்லிதாகப் பூசி, நன்றாகக் காய்ந்த பின்னர் அட்டையை மூடுங்கள். தாள் நிரம்பியதும் எறிந்துவிடாமல், மேலே பதிவிலக்கத்தையும் எடுத்த திகதியையும் எழுதி, கடித உறைகள் இருக்கும் அதே பெட்டியில் சேர்த்துவிட்டுப் புதிய தாளை வையுங்கள்.